பவுலினா எழுதிய சீட்டு

பவுலினாவைப் பற்றி எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் முதலில் சொல்வது, "அவளா? நின்னுக்கிட்டே தூங்குவாளே!" என்பதுதான். பொய்யில்லை. வேலை முடிந்து வரும்போது பஸ்ஸில் கம்பியைப் பிடித்தபடி தூங்குவாள். மத்திகிரி கூட்டு ரோடு வந்ததும் யாரும் தட்டாமலே கண் விழித்து இறங்கிவிடுவாள். ஒருநாள்கூட இடம் தவறியதில்லை.

நான் ரூபி, அவளுக்குப் பக்கத்து வீட்டுக்காரி. இருபது வருஷப் பழக்கம். எங்கள் தெருவிலும் அடுத்த தெருவிலுமாகப் பதினாலு கத்தோலிக்கக் குடும்பங்கள் இருக்கின்றன. வெள்ளிக்கிழமைதோறும் ஒரு வீட்டில் கூடி ஜெபம் சொல்வோம். அதற்கு அன்பியம் என்று பெயர். ஜெபம் அரை மணி நேரம், அதற்குப் பிறகு சுண்டலும் ஊர்க்கதையும் ஒரு மணி நேரம். அதற்கு நான்தான் தலைவி. எனக்கு வாய் கொஞ்சம் நீளம். பங்குச் சாமியாரே சொல்லிவிட்டார், அப்புறம் மறைத்து என்ன ஆகப்போகிறது?

பவுலினா பிறந்தது கிருஷ்ணகிரிப் பக்கம் எலத்தகிரியில். இருபத்துமூன்று வயதில் யேசுராஜுக்கு வாழ்க்கைப்பட்டு ஓசூருக்கு வந்தாள். யேசுராஜ் சிப்காட்டில் இரும்பு உருக்கும் கம்பெனியில் வேலை செய்கிறார். மூன்று ஷிஃப்ட். நல்ல மனுஷன். ஆனால் ஒரு நாளைக்கு இருபது வார்த்தை பேசினால் அன்றைக்கு ஏதோ விசேஷம் என்று அர்த்தம். இரண்டு பெண்கள். மூத்தவளைச் சேலத்தில் கட்டிக்கொடுத்தாயிற்று. இளையவள் பெங்களூரில் நர்ஸிங் படிக்கிறாள்.

பவுலினா முதலில் தையல் கம்பெனிக்குப் போனாள். இப்போது ஏழு வருஷமாக ரோஜாத் தோட்டக் கம்பெனி ஒன்றில் தரம் பிரிக்கிற வேலை. காம்பு நீளம் பார்த்து, இலை உருவி, இருபது பூவாகக் கட்டு போட வேண்டும். ஜனவரி கடைசியில் ஆரம்பித்தால் பிப்ரவரி பதினாலு வரைக்கும் மூச்சு விட நேரமிருக்காது. வெளிநாட்டில் எவனோ எவளுக்கோ பூக் கொடுப்பதற்காக இங்கே இவள் விரலெல்லாம் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு திரிவாள். கேட்டால், "எனக்கு என்னாக்கா கொறை? நெழல்ல நின்னு செய்யற வேலை" என்பாள். வாய்ச் சவடால் இல்லை, மனசாரச் சொல்வாள். இவளைப் பார்த்தால் எனக்குச் சில நாள் எரிச்சலே வரும். ஒரு மனுஷிக்கு இத்தனை திருப்தி ஆகாது.

அந்த வீட்டில் இன்னொருவரும் இருக்கிறார். யேசுராஜின் அண்ணன் ராயப்பன். பவுலினாவுக்கு மூத்தார் முறை. மாமா என்று கூப்பிடுவாள். இருபத்தாறு வருஷம் லாரி ஓட்டியவர். கல்யாணம் கட்டிக்கொள்ளவில்லை. அப்பா இல்லாத யேசுராஜைப் படிக்க வைத்து, வேலை வாங்கிக்கொடுத்து ஆளாக்கியது அவர்தான். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்து இடது கையும் இடது காலும் விழுந்துவிட்டன. வாய் ஒரு பக்கம் கோணினாலும் பேச்சு போகவில்லை. போயிருக்கலாம் என்று நானே இரண்டொரு தடவை நினைத்ததுண்டு, ஆண்டவர் மன்னிக்கட்டும். சாம்பாரில் உப்பு, ரசத்தில் புளி, ஃபேன் சத்தம், எதிர்வீட்டு நாய் என்று எதையாவது குறை சொல்லிக்கொண்டே இருப்பார். முன்னறையில் ஜன்னலோரம் கட்டில். கோல் ஊன்றி நாலடி நடப்பார், அவ்வளவுதான். யேசுராஜ் வீட்டில் இருக்கும் நாளில் தம்பி குளிப்பாட்டுவார். காலை ஷிஃப்ட் வந்துவிட்டால் பவுலினாதான் நாற்காலியில் உட்கார வைத்துத் தண்ணீர் ஊற்றுவாள். தம்பி பெண்டாட்டி மூத்தாருக்குத் தண்ணீர் ஊற்றுவதா என்று ஆரம்பத்தில் தெருவில் சிலர் முணுமுணுத்தார்கள். நான் போட்ட சத்தத்தில் அடங்கிவிட்டார்கள்.

ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் தவக்காலத்தில் எங்கள் அன்பியத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஆளுயர மரச்சிலுவை ஒன்று வீடு வீடாகப் போகும். ஒரு வீட்டில் ஒரு வாரம் இருக்கும், மீதி வீடுகளுக்கு அடுத்த வருஷம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அந்த வீட்டுக்காரர்கள் அதைத் தோளில் சுமந்து அடுத்த வீட்டில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். இந்த வருஷம் நான் அதில் ஒரு புதுமை செய்தேன். தியானக் கூட்டம் ஒன்றில் கேட்டுவிட்டு வந்த யோசனை. ஒவ்வொருவரும் தன் வாழ்க்கையில் தான் சுமக்கிற சிலுவை எது என்று சின்னச் சீட்டில் எழுதி, நாலாக மடித்து, மரச்சிலுவையின் நடுவில் அடித்திருக்கும் ஆணியில் குத்திவிட வேண்டும். யாரும் எடுத்துப் படிக்கக்கூடாது. ஈஸ்டருக்கு முந்தின ராத்திரி கோயிலில் மூட்டுகிற தீயில் போட்டு எரித்துவிடலாம். எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. என் வீட்டுக் கூடத்தில் பதினாலு பெண்கள், ஆளுக்கொரு மூலையில் கையை மறைத்துக்கொண்டு எழுதினார்கள், பரீட்சைக்கு வந்த பிள்ளைகள் மாதிரி.

நான் என்ன எழுதினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். "என் மருமகள்" என்று எழுதினேன். மருமகள் ஃபெபா அதே கூடத்தில் எதிர் மூலையில் உட்கார்ந்திருந்தாள்.

அன்று பவுலினா கம்பெனியிலிருந்து நேரே வந்திருந்தாள். அதற்கு முந்தின நாள் மூத்தாருக்கும் அவளுக்கும் ஏதோ சண்டை. கஞ்சியில் உப்பில்லை என்று தட்டைத் தள்ளியதில் கஞ்சி அவள் புதுப் புடவையெல்லாம் கொட்டிவிட்டது. பேனாவை வாங்கியவள் இரண்டே வார்த்தை எழுதி, மடித்து, ஆணியில் குத்திவிட்டுச் சுண்டலுக்குக் கை நீட்டினாள்.

இரண்டு வாரம் கழித்துச் சிலுவை அவள் வீட்டு முறைக்கு வந்தது. முன்னறைச் சுவரில், ராயப்பன் கட்டிலின் தலைமாட்டில் சாய்த்து வைத்தோம். யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. ஒரு மனுஷன் நாள் முழுக்க அங்கேதான் கிடக்கிறார், அவருக்கு வலது கை நன்றாக வேலை செய்கிறது, கண் தெரியும், எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர் இல்லை, பேப்பரை வரிவிடாமல் படிக்கிறவர். இதெல்லாம் தெரிந்தும் தோன்றவில்லை. அவரை நாங்கள் ஆளாகவே நினைக்கவில்லை, அதுதான் உண்மை. எல்லோருக்கும் சீட்டுக் கொடுத்தவள் அவருக்கு ஒரு சீட்டு கொடுத்தேனா? இல்லை.

செவ்வாய்க்கிழமை காலையில் பவுலினா பூரித்த முகத்துடன் என் வாசலில் வந்து நின்றாள்.

"அக்கா, சிலுவ வந்த வேளை, மாமா திருந்திட்டாரு. மூணு நாளா சாப்பாட்டுல ஒரு கொறையும் சொல்லல. வச்சதைத் தின்னுட்டு, 'போதும்மா'ன்னு சொல்றாரு."

"சேசு மரி சூசை! அப்ப ஈஸ்டர் வரைக்கும் சிலுவ உன் ஊட்டுலயே இருக்கட்டும்டி" என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம்.

மறுநாள் புதன்கிழமை. பதினோரு மணிக்கு எதிர்வீட்டு நாராயணம்மா மூச்சிரைக்க ஓடி வந்தாள். தெலுங்குக்காரி, அவசரத்தில் தமிழ் வராது. "எள்ளிப்போயினாடம்மா!" என்று கையை ரோட்டுப் பக்கம் காட்டினாள். ராயப்பன் போய்விட்டாராம். கோலும் ஒரு பையுமாக வாசலுக்கு வந்து, போகிற ஆட்டோவை நிறுத்தி, டிரைவர் தூக்கிவிட ஏறிப் போய்விட்டாராம்.

நான் ஓடிப்போய்ப் பார்த்தேன். கட்டில் விரிப்பு ஒழுங்காக மடித்திருந்தது. ஒற்றைக் கையால் மடித்திருக்கிறார். சிலுவை அதே இடத்தில் சாய்ந்திருந்தது, ஆணியில் சீட்டுகள் இருந்தன. கட்டிலின் நடுவில் மட்டும் ஒரு சீட்டு, பிரித்து வைத்தபடி கிடந்தது. பவுலினாவின் கையெழுத்து எனக்குத் தெரியும். "என் மூத்தார்."

நான் கேட்டுவிட்டு வந்த யோசனை, பாவம் அந்த மனுஷன் தலையில் விடிந்திருக்கிறது.

பவுலினாவுக்குப் போன் போட்டேன். ஒரு மணி நேரத்தில் வந்துவிட்டாள். சீட்டைப் பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. கட்டிலில் உட்கார்ந்து விரிப்பைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"மூணு மணிக்கு அவுரு ஷிஃப்ட் முடிஞ்சு வருவாரு அக்கா. 'எங்க எங்கண்ணன்?'னு ஒரு வார்த்தை கேட்டா நான் என்னா சொல்லுவன்? சொமந்து வளத்தவரை ஊட்ட உட்டுத் தொரத்திட்டன்னு சொல்லுவனா?"

"நீயா தொரத்துன? சும்மா இரு. நான்தான்டி பாவி, சீட்டு எழுதச் சொன்னவ."

"எழுதுனது என் கையிதான் அக்கா" என்றாள்.

அந்த நேரத்தில் அவள் போன் அடித்தது. மாதேஷ் என்று ஒருவன். முன்பு ராயப்பன் லாரியில் கிளீனராக இருந்தவன், இப்போது சூளகிரியில் மெயின் ரோட்டோரம் பஞ்சர் கடை வைத்திருக்கிறான். "அண்ணன் இங்கதான்க்கா இருக்காரு. கடைக்குப் பின்னால ஒரு மூலை குடு, டயருக்குக் காவல் இருக்கறன்னு கேக்கறாரு. உங்களுக்குச் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு. சத்தியத்தை அப்புறம் பாத்துக்கலாம், நீங்க சட்டுனு வாங்க" என்றான்.

சூளகிரி வழியாகப் போகிற கிருஷ்ணகிரி பஸ் பிடித்தோம். உட்கார இடம் கிடைத்தும் அன்றைக்கு அவள் தூங்கவில்லை.

மாதேஷ் கடை வாசலில் பெரிய லாரி டயர் ஒன்றின் மேல் ராயப்பன் உட்கார்ந்திருந்தார். பை மடியில், கோல் பக்கத்தில். ரோட்டில் போகிற லாரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் மாதேஷை ஒரு முறை முறைத்தார். அவன் அவசரமாக ஒரு டியூபை எடுத்துத் தண்ணீரில் முக்கினான்.

நான்தான் முதலில் ஆரம்பித்தேன். "என்னாண்ணா இது, சின்னப்புள்ளையாட்டம்? வழியில உழுந்து வச்சா யாரு பதில் சொல்றது? ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"நீ சும்மா இரு ரூபி. உன் சீட்டையும் படிச்சன்."

என் வாய் கப்பென்று மூடிக்கொண்டது.

"மொத்தம் பதினாலு சீட்டு" என்றார் நிதானமாக. "மூணுல நோவு. ஒண்ணுல வேலை இல்லாத மவன். மீதி எல்லாம் ஊட்டு ஆளுங்கதான். புருஷன் ஆறு. மாமியா ரெண்டு. மருமவ ஒண்ணு. மூத்தார் ஒண்ணு." கொஞ்சம் நிறுத்தி என்னைப் பார்த்தார். "மாமியான்னு எழுதுன ரெண்டுல ஒண்ணு யாரு எழுத்துன்னு உனக்கே தெரியும்."

தெரிந்தது. பதினாலு பேரில் மாமியாருடன் ஒரே வீட்டில் இருக்கிறவர்கள் இரண்டே பேர்தான். அதில் ஒருத்தி ஃபெபா. எனக்குக் காது சுட்டது. நான் அவளுக்கு என்ன குறை வைத்தேன்? என் சண்டையை வீட்டில் போய்ப் போட்டுக்கொள்ளலாம் என்று தள்ளி நின்றேன்.

பவுலினா அவர் முன்னால் தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். "ஊட்டுக்கு வாங்க மாமா."

"வேணாம்மா. உன் மேல கோவமில்ல. நீ எழுதுனது நெஜம். ஒம்போது வருஷம். நான் ஒருத்தன் எறங்கிட்டா உனக்குப் பாரம் கொறையும். அதுக்குத்தான் வந்துட்டன்." பேச்சு அங்கே நின்றிருந்தால் பரவாயில்லை. "ஒண்ணு மட்டுந்தான் மனசு ஆறல. தண்ணி ஊத்தறப்ப நீ மொகத்தைத் திருப்பிக்குவ. என் மானத்தைக் காப்பாத்தத்தான் இப்பிடிச் செய்யுறான்னு நெனச்சிக்கிட்டு இருந்தன். சீட்டைப் பாத்தப்புறந்தான் தெரிஞ்சுது, அது அருவருப்புன்னு."

டியூபைத் தண்ணீரில் அழுத்திக்கொண்டிருந்த மாதேஷ் கையை எடுத்துவிட்டான். பவுலினா இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்தாள். அப்புறம் சொன்னாள்.

"மொத நாளு தண்ணி ஊத்தறப்ப நீங்க அழுதீங்க மாமா. தண்ணியோட தண்ணியா போயிடும்னு நெனச்சிக்கிட்டு அழுதீங்க. நான் பாத்துட்டன். பாத்தது தெரிஞ்சா இன்னும் ஒடஞ்சிடுவீங்கன்னு திரும்பிக்கிட்டன். அப்புறம் அதே பழக்கமாயிடுச்சு. அருவருப்பா இருந்தா ஒம்போது வருஷம் ஊத்துவனா?"

ராயப்பன் அவளையே பார்த்தார்.

"பாரமான்னு கேட்டா பாரந்தான். பொய் சொல்ல மாட்டன். அன்னைக்குக் கஞ்சியத் தள்ளி உட்டீங்க, எனக்கு ஆத்திரம், எழுதிட்டன். ரெண்டு புள்ளைய வயித்துல சொமந்தப்பவும் பாரந்தான். எட்டாம் மாசத்துல மூச்சு முட்டும். அதுக்காக எறக்கி வச்சிட்டு ஊட்டுக்குப் போவ முடியுமா? நீங்க அவரைச் சொமந்தப்ப உங்களுக்குப் பாரமா இல்லியா? பன்னண்டு வயசுப் பையன லாரியிலயே வச்சிக்கிட்டு சுத்துனீங்களே, ஒருநாளாச்சும் எவனாவது கொண்டுபோவட்டும்னு தோணலியா?"

"தோணிருக்குது" என்றார் அவர். உடனே சொன்னார். யோசிக்கவே இல்லை. "சேலம் பைபாஸ்ல ஒரு தபா எறக்கி உட்டுட்டு, ஒரு கிலோமீட்டர் போயி, திரும்பி வந்து ஏத்திக்கிட்டன்."

"பாத்தீங்களா? எனக்கும் அப்பிடித்தான். அந்தச் சீட்டு, ஒரு கிலோமீட்டர்னு வச்சிக்குங்க."

இருபது வருஷமாக அன்பியம் நடத்துகிறேன், சிலுவைப்பாதை ஜெபப் புத்தகத்தை மனப்பாடமாகச் சொல்வேன். ஒரு வெள்ளிக்கிழமையாவது இப்படி ஒரு வார்த்தை என் வாயில் வந்திருக்குமா? வந்ததெல்லாம் அடுத்த வாரம் சுண்டலா பொரியா என்பதுதான்.

ராயப்பன் வெகுநேரம் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாலைந்து லாரிகள் போயின. பிறகு கோலை எடுத்தார்.

"வரன். ஆனா ஒரு கண்டிசன். இனிமே பாரமா இருந்தா எங்கிட்டயே சொல்லணும். சீட்டுல எழுதி ஆணியில குத்தக்கூடாது. மூஞ்சியப் பாத்துச் சொல்லணும்."

"சொல்றன். இப்பவே சொல்றன். அரைநாள் சம்பளம் போச்சு, காலைலருந்து பச்சத்தண்ணி குடிக்கல, உங்களத் தேடி இந்த வெயில்ல சூளகிரிக்கு வந்திருக்கன். இன்னைக்கு நீங்க மலையாட்டம் கனக்கறீங்க மாமா."

அவர் சிரித்துவிட்டார். கோணல் வாயோடு, உடம்பு குலுங்க. அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. "மாதேசு, மொதல்ல இதுங்களுக்கு ரெண்டு புரோட்டா வாங்கிக் குடுறா" என்றார்.

மூன்று மணிக்கு மேலாகித்தான் வீட்டுக்கு வந்தோம். யேசுராஜ் வாசலில் நின்றுகொண்டிருந்தார். நாராயணம்மா எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள் என்று முகத்திலேயே தெரிந்தது. அண்ணனை ஆட்டோவிலிருந்து தூக்கி இறக்கினார். பவுலினாவைப் பார்த்து, "சாப்பிட்டியா?" என்றார். அவர் கணக்கில் அது ஒரு பிரசங்கம்.

சீட்டுகளை ஈஸ்டர் வரை வைக்கவில்லை. அன்றைக்கே என் கேஸ் அடுப்பில் காட்டி எரித்தேன். அன்பியத்தில் கேட்டவர்களிடம், "எல்லாச் சிலுவையும் ஆண்டவர் கணக்குல சேந்தாச்சு, கேள்வி கேக்காதீங்க" என்று சொல்லி அடக்கிவிட்டேன். அந்த வெள்ளிக்கிழமை யேசுராஜும் பவுலினாவும் சிலுவையைத் தூக்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனபோது ராயப்பன் கோல் ஊன்றி, நாலடிக்கொரு தரம் நின்று நின்று பின்னாலேயே வந்தார். "கோணலாப் புடிக்கறீங்க, நேராப் புடிங்க" என்று வழி நெடுக வைதுகொண்டே வந்தார். பழைய ராயப்பன் திரும்பிவிட்டார் என்று தெரு முழுக்கச் சந்தோஷம்.

அன்று இரவு சாப்பாட்டுக்குப் பிறகு நானும் துணிந்து ஃபெபாவிடம் கேட்டேன். "ஏம்மா, நான் உனக்குப் பாரமா இருக்கறனா?" அவள் பயந்துபோய், "ஏன் அத்தை, உடம்புக்கு என்னா?" என்றாள். விடாமல் கேட்டேன். தட்டைக் கழுவியபடியே யோசித்துவிட்டு, "எல்லா நாளும் இல்ல அத்தை. எங்கம்மா வந்துட்டுப் போற அன்னைக்கு மட்டும்" என்றாள். சுருக்கென்றுதான் இருந்தது. ஆனால் என் பயம் அதைவிடப் பெரிதாக இருந்ததால் நிம்மதியாகப் படுத்தேன்.

ஈஸ்டர் முடிந்து ஒரு மாதம் ஆகிவிட்டது. பவுலினா வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே ராயப்பன் கட்டிலில் இருந்து கேட்கிறார், "இன்னைக்கு எப்பிடிம்மா?" அவளும் ஒளிக்காமல் சொல்கிறாள். சில நாள் "இன்னைக்குப் பரவால்ல மாமா" என்பாள். சில நாள் "முடியல மாமா" என்பாள். முடியல என்கிற நாளில் அவர் குளியல் வேண்டாமென்று சொல்லிவிட்டு, முறத்தை மடியில் வாங்கி வைத்து ஒற்றைக் கையால் அவரைக்காய் உரிக்கிறார். நாலு காய் உரிப்பதற்குள் பத்து காய் கீழே விழும். அவள் பொறுக்கிப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள்.

நேற்று அவள் வீட்டுக்கு இட்லி மாவு வாங்கப் போன நான் சமையல்கட்டு வாசலில் பவுலினாவைப் பிடித்துக்கொண்டேன். கேலிக்குத்தான் கேட்டேன், "என்னாடி, தினம் உங்க மாமா உன்னை விசாரணை பண்றாராமே?"

அவள் சிரிக்கவில்லை. மாவுக் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அக்கா, எனக்கு நாப்பத்தேழு வயசு ஆவுது. 'உனக்குக் கஷ்டமா இருக்குதா'ன்னு எங்கப்பா கேட்டதில்ல. கட்டுனவரு கேட்டதில்ல, பெத்ததுங்களும் கேட்டதில்ல. தெனமும் கோயிலுக்குப் போறம், சாமியாரும் கேட்டதில்ல, நீயுந்தான் கேட்டதில்ல. இது வரைக்கும் என்னை அப்பிடிக் கேட்ட ஒரே ஆளு, நான் சிலுவன்னு எழுதி வச்ச ஆளுதான்."

சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எனக்கு மாவு ஊற்றினாள்.